அறிவிக்கை நாளும் மூன்று பள்ளிகளின் முத்திரையும்

அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்க வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "கடைசித் தேதி என்னைக்குங்க அக்கா?" என்பதுதான். அந்தத் தேதியைச் சொல்லிவிட்டு, அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னால் வருகிற வேறொரு தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொல்வேன். அது அறிவிக்கை வெளியான நாள். இந்த இரண்டு நாட்களுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் 2017-ஆம் ஆண்டில், எழுத்துத் தேர்வில் தேறியிருந்தும், கைக்கு வந்த ஒரு வேலையை நான் இழந்தேன். வேறொரு தேர்வின் வழியாக இளநிலை உதவியாளராகச் சேலத்தில் பணியில் சேர்வதற்கு அதன் பிறகு ஆறு ஆண்டுகள் ஆயின. அந்த ஆறு ஆண்டுகளில் நான் பாடம் படித்த அளவுக்கு விதிமுறைகளையும் படித்தேன் என்பதால், மலையிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஏற்காடு வட்டத்தில் நாகலூருக்கு அப்பால் இருக்கும் ஒரு மலைக்கிராமம். அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்தார்கள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் மலையாளி பழங்குடியினர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆகவே, ஒரு சான்றிதழ் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லை. சான்றிதழ் என்றால் தகரப் பெட்டியில், புடவைக்கு அடியில் பத்திரமாக வைக்க வேண்டிய பொருள் என்ற அளவில்தான் எங்களுக்குத் தெரியும். அதில் அச்சாகியிருக்கும் தேதி ஒருவருடைய வாழ்க்கையைத் திசைமாற்றும் என்பது தெரியாது.

2017 ஏப்ரல் மாதக் கடைசியில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 2ஏ அறிவிக்கை வந்தபோது நான் இளங்கலை வரலாறு இறுதிப் பருவத் தேர்வை எழுதிக்கொண்டிருந்தேன். விண்ணப்பிக்க மே மாதக் கடைசி வரை அவகாசம் இருந்தது. எங்கள் கல்லூரியின் தேர்வு முடிவு மே மூன்றாம் வாரத்தில் வெளியானது. எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றிருந்தேன். அடுத்த நாளே மலையிலிருந்து இறங்கி, அஸ்தம்பட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கல்வித் தகுதி என்ற இடத்தில் பட்டம் பெற்றுவிட்டதாகக் குறிப்பிட்டு விண்ணப்பித்தேன். கடைசித் தேதிக்குள் தேர்ச்சி பெற்றுவிட்டோம், ஆகவே தகுதி உண்டு என்று முழுமையாக நம்பினேன். என்னோடு விண்ணப்பித்த தோழிகளும் அப்படித்தான் நம்பினார்கள். அறிவிக்கையின் முதல் சில பக்கங்களிலேயே, இந்தக் கல்வித் தகுதியை அறிவிக்கை வெளியாகும் நாளில் பெற்றிருக்க வேண்டும் என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். நாங்கள் காலிப் பணியிடங்களின் எண்ணிக்கையையும் பாடத்திட்டத்தையும் மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டோம்.

ஆகஸ்டில் தேர்வு எழுதினேன். மதிப்பெண் நன்றாக வந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பும் வந்தது. அப்பா அதுவரை சென்னைக்குப் போனதில்லை. இரவுப் பேருந்தில் போய் இறங்கி, பிராட்வேயில் ஒரு கடையில் முகம் கழுவிக்கொண்டு, தேர்வாணைய அலுவலகத்துக்கு நேரத்துக்கு முன்பே போய் நின்றோம். என்னுடைய சான்றிதழ்களைப் பார்த்த அலுவலர் வயதானவர், மிகவும் பொறுமையானவர். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, சாதிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துவிட்டு, தற்காலிகப் பட்டச் சான்றிதழை மேசையில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் அறிவிக்கையின் முதல் பக்கத்தை வைத்தார். ஒரு மரஸ்கேலை எடுத்து, முதலில் அந்தத் தாளின் தேதிக்குக் கீழும், பிறகு இந்தத் தாளின் தேதிக்குக் கீழும் வைத்துக் காட்டினார். "ரிசல்ட் எப்பம்மா வந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். ஸ்கேலை எடுத்துவிட்டு, "அறிவிக்கை நாளுக்கு முன்னாடி வந்திருக்கணும்மா" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. தேர்வு முடிவு முன்பே வந்து சான்றிதழ் மட்டும் தாமதமாக வழங்கப்பட்டிருந்தால், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வரலாம் என்றும் விளக்கினார். என்னுடைய நிலை அதுவல்ல. வெளியில் வராந்தாவில் நின்றிருந்த அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், மலைக்குத் திரும்பும் வரையில் "லெட்டர் வரும்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அலுவலர் ஸ்கேலை வைத்துக் காட்டியதைத்தான் இன்று நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்து காட்டுகிறேன். அறிவிக்கை நாளுக்கு முன்னதாகத் தேர்ச்சி முடிவு வெளியாகியிருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ், பட்டமளிப்புச் சான்றிதழ் ஆகியவற்றில் எது கையில் இருந்தாலும், அதில் உள்ள தேதியை அறிவிக்கையின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சான்றிதழின் தேதி பிந்தியதாக இருந்து, தேர்வு முடிவு முந்தியதாக இருந்தால், முடிவு வெளியான நாளைக் குறிப்பிடும் கடிதத்தைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். பட்டப்படிப்பு அளவிலான பணிகளுக்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு எழுதாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய ஒரு தம்பி, தன்னிடம் பட்டம் இருக்கிறது என்று நம்பி வந்தான். அவனிடம் உண்மையைச் சொல்லி, பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வைத்து, பத்தாம் வகுப்புத் தகுதியில் வருகிற தொகுதி 4 தேர்வுக்கு விண்ணப்பிக்கச் செய்தேன். படித்த படிப்பு வீணாகிவிட்டது என்று அவன் வருந்தியது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் சென்னைக்குப் போய் மேசை முன்னால் நின்று தெரிந்துகொள்வதைவிட, வீட்டுத் திண்ணையில் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

வயதுக்கு வேறொரு நாள் இருக்கிறது. தேர்வாணையம் வயதை அறிவிக்கை நாளை வைத்துக் கணக்கிடுவதில்லை. அந்த ஆண்டின் ஜூலை 1-ஆம் நாளில் எத்தனை வயது நிறைவடைந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறது. இதிலும் எங்கள் பக்கத்தில் ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. வயது 37-ஐத் தாண்டிவிட்டால் தொகுதி 4 எழுதவே முடியாது என்று நினைத்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதரவற்ற விதவையர் ஆகியோரில், அந்தப் பணிக்குக் கேட்கப்படும் குறைந்தபட்சக் கல்வித் தகுதியைவிடக் கூடுதலாகப் படித்திருப்பவர்களுக்கு, இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பணிகளில் உச்ச வயது வரம்பு குறுக்கே வருவதில்லை. கிராம நிர்வாக அலுவலர், வனக் காப்பாளர் போன்ற பணிகளுக்கு வயது விதி தனி. ஆகவே பணிவாரியாக அட்டவணையைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் இரண்டு பிள்ளைகளின் தாயான ஓர் அக்காவுக்கு 41 வயதில் இதை நான் படித்துக் காட்டியபோது, அவர் நம்பாமல் அந்தப் பத்தியை மூன்று முறை என்னை வாசிக்க வைத்தார். பிறகு மகளுடைய பழைய பாடப்புத்தகங்களை எடுத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தார்.

2018 பிப்ரவரியிலும் 2019 செப்டம்பரிலும் நடந்த தொகுதி 4 தேர்வுகளில் எனக்கு மதிப்பெண் போதவில்லை. அடுத்து கொரோனா காலம். 2022 ஜூலை 24-ஆம் நாள்தான் மீண்டும் தொகுதி 4 எழுத முடிந்தது. அந்த இடைவெளியில் விதியும் மாறியிருந்தது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பணிக்குரிய கடைசிப் படிப்பை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதாது. முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதி உள்ள பணிக்கு, ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் உரிய படிவத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் திருத்தம் உண்மையிலேயே நன்மை செய்கிறது. ஏனென்றால், எங்களில் பெரும்பாலோர் வேறு வழியே இல்லாமல் தமிழ் வழியில் படித்தவர்கள். ஆனால் அதே பிள்ளைகள்தான் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பள்ளி, எட்டாம் வகுப்புக்கு இன்னொரு பள்ளி, பத்தாம் வகுப்புக்கு மூன்றாவது பள்ளி என்று மாறி மாறிப் படித்தவர்கள். நன்மை இருக்கும் இடத்திலேயே அலைச்சலும் இருக்கிறது.

நான் அப்படி மூன்று பள்ளிகளில் படித்தவள். ஒன்று முதல் ஐந்து வரை ஊரில் இருந்த ஒன்றியத் தொடக்கப் பள்ளி; ஆறு முதல் எட்டு வரை பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி; ஒன்பதிலிருந்து மலையடிவாரத்துக்குக் கீழே ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. 2023 மார்ச் மாதத்தில் முடிவு வந்து, சான்றிதழ்களைப் பதிவேற்ற நாள் குறித்தபோது, என்னிடம் மூன்றாவது பள்ளியின் சான்றிதழ் மட்டும் இருந்தது. உண்டு உறைவிடப் பள்ளியில் இரண்டே நாளில் கொடுத்துவிட்டார்கள். தொடக்கப் பள்ளிக்கு நான் போன நாளில் கோடை விடுமுறை தொடங்கிவிட்டது, கதவில் பூட்டு. தலைமையாசிரியை அயோத்தியாபட்டணம் பக்கம் குடியிருப்பதாகச் சத்துணவு அமைப்பாளர் சொன்னார். அங்கே போய் வாசலில் நின்றபோது, "பள்ளிக்கூடம் லீவுதானேம்மா, ஜூன்ல வாயேன்" என்றார். ஜூனில் வந்தால் பதிவேற்றும் நாள் முடிந்துவிடும் என்று அறிவிக்கையை நீட்டிக் காட்டினேன். அவர் அதை முழுவதும் படித்தார். மறுநாள் காலை முதல் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, எனக்காக மட்டும் பள்ளியைத் திறந்தார்.

அலமாரியிலிருந்த சேர்க்கைப் பதிவேட்டின் ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்துத் தேடி, என் பெயர் இருந்த வரியை அவர் கண்டுபிடித்தார். அப்பா கைநாட்டு வைத்திருந்தது அப்படியே இருந்தது. பயிற்றுமொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று எழுதியிருந்தது. படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு, பள்ளி முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் அழுத்தினால், மைப்பெட்டி முழுவதும் காய்ந்து கிடந்தது. முத்திரை இல்லாத சான்றிதழ் செல்லாது. அவர் தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து மூடியில் கொஞ்சம் ஊற்றி, விரல் நுனியால் சொட்டுச் சொட்டாக மைப்பெட்டியில் விட்டு, துணியை மெதுவாகத் தேய்த்து, முதலில் ஒரு வெள்ளைத்தாளில் நான்கு முறை பதித்துப் பார்த்தார். நான்காவது முறைதான் பள்ளியின் பெயர் தெரிந்தது. அதன் பிறகே சான்றிதழில் வைத்தார். அந்த முத்திரை வெளிர்நீலமாக இருந்தாலும் எல்லா எழுத்தும் படிக்கும்படி இருந்தது. அன்று மாலையே இ-சேவை மையத்தில் அதை ஸ்கேன் செய்து பதிவேற்றினேன். அந்த அம்மையார் அன்று மலையேறி வந்திருக்காவிட்டால் இந்த வேலையும் என் கையைவிட்டுப் போயிருக்கும். அவரை நான் நினைக்காத நாள் இல்லை.

சாதிச் சான்றிதழைப் பற்றி எங்கள் மலையில் தனியாகவே பேச வேண்டும். பழங்குடியினருக்கான ஒதுக்கீடு மாநிலத்தில் 1 விழுக்காடு. இருநூறு இடங்கள் கொண்ட சுழற்சியில் இரண்டு இடங்கள்தாம் எங்களுக்கு வரும் என்பதால், ஓர் எழுத்துப் பிழைக்காக ஒருவர் விலக்கப்பட்டாலும் அது ஊருக்கே இழப்பு. பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ்களை வட்ட அளவில் உள்ள வருவாய் அலுவலர்களே வழங்குகிறார்கள். பழங்குடியினர் சான்றிதழோ, 1989 நவம்பர் 11-க்குப் பிறகு, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் நிலையில் உள்ளவர் வழங்கியதாக இருக்க வேண்டும். என் அப்பாவிடம் சான்றிதழே இல்லை. அவருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. அதனால் அப்பாவின் பெரியப்பா மகனுடைய சான்றிதழையும், அவர்கள் இருவரும் ஒரே தாத்தாவின் வழி வந்தவர்கள் என்று காட்டும் ஆவணங்களையும் சேர்த்துத்தான் எனக்கு வாங்க முடிந்தது. விசாரணை, பரிந்துரை, மறு விசாரணை என்று மாதங்கள் ஓடின. ஆகவே, பெற்றோருக்குச் சான்றிதழ் இல்லாத வீடுகளில், பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன். அறிவிக்கை வந்த பிறகு ஓடினால் காலம் போதாது.

பெயரிலும் கண் வைக்க வேண்டும். என் பள்ளிச் சான்றில் அப்பாவின் பெயர் நடுவில் ஒரு 'ச்' இருந்தது. சாதிச் சான்றில் அது இல்லை. வீட்டில் யாருக்கும் அது கண்ணில் படவே இல்லை. நல்லவேளையாக, விண்ணப்பிக்கும் முன்பே கண்டுபிடித்து, சாதிச் சான்றிதழைத் திருத்தி வாங்கிக்கொண்டேன். திருமணமான பெண்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இன்னொன்று உண்டு: சாதிச் சான்றிதழ் தந்தையின் பெயரோடு இருக்க வேண்டும். கணவர் பெயரோடு வாங்கிய சான்றிதழை வைத்து இடஒதுக்கீடு கேட்டால் ஏற்கமாட்டார்கள். திருமணத்தால் சாதி மாறுவதில்லை என்பதுதான் அதன் அடிப்படை.

இந்த இடத்தில்தான், எனக்கு விடை தெரிந்திருந்தும் சொல்ல மனம் வராத ஒரு கேள்வியை ஒருமுறை எதிர்கொண்டேன். எங்கள் ஊருக்கு மருமகளாக வந்த ஒரு பெண் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையைச் சேர்ந்தவர். பட்டதாரி. அவரும் மலையாளி, கணவரும் மலையாளி. பேச்சிலும் சாமி கும்பிடுவதிலும் எங்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு காண முடியாது. "நானும் எஸ்.டி.ன்னு போடலாம்ல அக்கா, இங்கதானே இருக்கேன்?" என்று கேட்டார். அட்டவணைப் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்களின் பெயர்களை எழுதியிருக்கிறார்கள். சேலத்திலிருந்து 1997-இல் பிரிந்த நாமக்கல்லுக்கு அதனால் சிக்கல் இல்லை. கொல்லிமலைக்காரர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. ஈரோடோ கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. கோயம்புத்தூரின் பெயர் பட்டியலில் இல்லை. பிறந்த வீட்டின் வழியாகத்தான் சாதி பார்க்கப்படும் என்பதால், சேலத்துக்கு வாழ வந்ததும் அவருக்குக் கைகொடுக்காது. பர்கூர் மலை மக்கள் இதற்காகப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் நியாயத்தை எழுத இடமில்லை. கையில் இருக்கும் சான்றிதழ் என்ன சொல்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். தவறான பிரிவைக் குறிப்பிட்டு, பின்னால் அது வெளிப்பட்டால், அந்தத் தேர்வோடு முடியாமல் அடுத்த தேர்வுகளுக்கும் தடை வரக்கூடும். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன்னிடம் இருந்த சான்றிதழின்படியே நிரப்பச் சொன்னார்.

மத்திய அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் மாநிலச் சான்றிதழை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மாநிலத்தில் பி.சி., எம்.பி.சி. என்று இருப்பவர்கள், மத்தியப் பட்டியலிலும் தங்கள் சாதி இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். அதில் கிரீமி லேயர் என்ற வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். மாநிலத்தில் அந்தக் கணக்கு இல்லாததால் நம் பிள்ளைகளுக்கு அது புதிது. பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2017 முதல் 8 லட்சம் ரூபாய். சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. சேர்வராயன் மலையில் இதற்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டின் ஆணை, காப்பி, தேயிலை, ரப்பர்த் தோட்ட வருமானத்தை விவசாய வருமானமாகக் கருதாமல் வருமானக் கணக்கில் சேர்க்கிறது. மா, ஆரஞ்சு போன்ற பழத்தோட்டங்களையோ விவசாய நிலமாகவே கொள்கிறது. அதற்கு அளவுகோல் நிலத்தின் பரப்புதான். ஒரே வேலிக்குள் காப்பியும் ஆரஞ்சும் மிளகும் நிற்கிற தோட்டத்தை வைத்திருந்த ஒரு குடும்பத்துப் பையன், ரயில்வே தேர்வுக்காக இந்தச் சான்றிதழ் வாங்கப் போனபோது, வருமானத்தை மொத்தமாக ஒரே தொகையாக எழுதியிருந்தான். காப்பி வருமானத்தைத் தனியாகப் பிரித்து எழுதச் சொன்னேன். அவர்களுடையது சிறிய தோட்டம்தான், எப்படிக் கணக்கிட்டாலும் வரம்புக்கு வெகு கீழே. ஆனாலும், எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி உண்மையாக இருக்க வேண்டும்.

இனி விண்ணப்பம் நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை. தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். தேர்வுக் கட்டண விலக்கு உள்ளவர்களும் இதைக் கட்ட வேண்டும். பழங்குடியினருக்குத் தேர்வுக் கட்டணம் முழுவதும் விலக்கு. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் மூன்று முறைதான் இலவசம். மூன்றையும் பயன்படுத்திய பிறகு நான்காவது முறையும் இலவசம் என்று குறித்தால் விண்ணப்பமே தள்ளப்படும் என்பதால், எத்தனை முறை பயன்படுத்தினோம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நிரந்தரப் பதிவுக்கு பிரவுசிங் சென்டர்காரருடைய மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் கடையை மூடிவிட்டுப் போன பிறகு கடவுச்சொல் கிடைக்காமல் தவித்த பிள்ளைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சொந்த எண்ணையும் சொந்த மின்னஞ்சலையும்தான் கொடுக்க வேண்டும். சான்றிதழ்களை லேமினேஷன் செய்யாதீர்கள். ஸ்கேன் செய்யும்போது வெளிச்சம் பட்டு, சரியாகச் சான்றிதழ் எண் இருக்கும் இடமே வெள்ளையாகிவிடுகிறது. விண்ணப்ப நாள் முடிந்த பிறகு திருத்தம் செய்ய மூன்று நாள் கொடுக்கிறார்கள். அந்த மூன்று நாளில் முதல் நாளே, விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியையும் மூலச் சான்றிதழ்களையும் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். தனியாகச் சரிபார்த்தால், நம் கண் நாம் எழுதியதாக நினைப்பதையே வாசிக்கும்.

படிக்க இடமும் வழிகாட்டலும் தேடுபவர்களுக்குச் சேலம் கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தைச் சொல்வேன். கட்டணம் இல்லை. ஏற்காட்டுப் பேருந்து அந்த வழியாகத்தான் போகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போகும்போது, எங்கள் வீட்டுத் திண்ணையில் நான்கைந்து பிள்ளைகள் கோப்புகளோடு காத்திருப்பார்கள். வந்தவர்களிடம் சான்றிதழ்களைத் தேதி வரிசையில் திண்ணையில் பரப்பச் சொல்கிறேன். தமிழ்வழிச் சான்றிதழ் எந்த வகுப்புக்கு இல்லையோ அந்த இடத்தில் ஒரு வெற்றுத்தாளை வைத்துவிடுகிறேன். எவ்வளவு பாக்கி என்பது அப்போது கண்ணுக்குத் தெரிகிறது. ஜூன் மாதம் பள்ளிகள் திறந்த முதல் வாரத்தில், அந்த வெற்றுத்தாள்களை எடுத்துக்கொண்டு, விடுப்பு போட்டுவிட்டு அவர்களோடு பள்ளி பள்ளியாகப் போகிறேன். நாகலூரிலும் வாழவந்தியிலும் மஞ்சக்குட்டையிலும் உள்ள தலைமையாசிரியர்கள் இப்போது என்னைப் பார்த்ததும், எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்து, சேர்க்கைப் பதிவேட்டை எடுக்கப் போய்விடுகிறார்கள். அவர்கள் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, என் கைப்பையிலிருந்து ஊதா நிற மைப்பெட்டியையும் ஒரு சிறிய மைப்புட்டியையும் எடுத்து மேசையில் வைக்கிறேன்.